வாசல் வரை சொல் கேட்கும் சிப்பிப்பாறை, மயிலைக் கண்டால் யார் சொல்லையும் கேட்பதில்லை

கேள்வி: வடவள்ளிக்காரி

வணக்கம். கோவையின் மேற்கு எல்லையில், ஒரு பக்கம் வீடுகளும் மறுபக்கம் சோளக்காடும் தென்னந்தோப்புமாக இருக்கும் தெருவில் குடியிருக்கிறோம். எங்களிடம் ஒரு வயதைச் சற்றே கடந்த, செவலை நிறச் சிப்பிப்பாறைக் கடுவன் நாய் இருக்கிறது. பெயர் முத்து. வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் இவ்வளவு சொல் கேட்கும் நாயை எங்கள் உறவில் யாரும் பார்த்ததில்லை என்று பெருமையாகவே சொல்வேன். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு 'இரு' என்றால், எச்சில் ஒழுக ஒழுக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். 'சாப்பிடு' என்ற பிறகுதான் வாய் வைப்பான். 'உட்கார்', 'படு', 'வா' ஆகிய சொற்களுக்கும் அப்படியே பணிகிறான்.

கேட்டைத் தாண்டிப் பத்தடி நடந்துவிட்டால் இவற்றில் ஒன்றும் அவனிடம் மிஞ்சுவதில்லை. காட்டோரத்தில் மயில் ஒன்று தலையைத் தூக்கினால் போதும், முன்னங்கால் ஒன்றை மடக்கியபடி அசையாமல் நின்றுவிடுவான். காது விறைத்து, கழுத்து நீண்டு, கண் அந்த இடத்திலேயே குத்திட்டு நிற்கும். எத்தனை முறை பெயர் சொல்லி அழைத்தாலும் காது மடல்கூட என் பக்கம் திரும்பாது. வேகவைத்த கோழித்துண்டை மூக்கருகே கொண்டுபோனால் முகத்தை விலக்கிக்கொள்கிறான். பிறகு அவன் பாய்கிற பாய்ச்சலில் என் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. மாலையில் ஓட்டிவரும் வெள்ளாடுகள், தேநீர்க் கடை முக்கில் படுத்திருக்கும் தெருநாய்கள், அலறிக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிள்கள் என்று எதைக் கண்டாலும் ஏறக்குறைய இதே கதைதான்.

பயிற்சியாளர் ஒருவர், இறுக்குச் சங்கிலி போட்டு நான்கு முறை சுண்டினால் சரியாகிவிடும் என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன், ரிமோட்டை அழுத்தினால் மின்னதிர்ச்சி தரும் பட்டையை வாங்கச் சொல்கிறார். என் மாமனாரோ, வேட்டை நாயைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தால் இப்படித்தான் இருக்கும், விட்டுவிடு என்கிறார். இது இனத்தின் குணமா, என் பழக்கத்தில் உள்ள குறையா? கவனத்தை இழுக்கும் பொருள்களுக்கு நடுவிலும் சொல் கேட்கும்படி இவனைப் பழக்க முடியுமா? என்றாவது ஒரு நாள் கயிறு இல்லாமல் காட்டில் விட்டு, கூப்பிட்டால் வரும்படி செய்ய முடியுமா? அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: கரிசல்மண்

சிப்பிப்பாறைகளும் கன்னி என்ற இன வேட்டை நாய்களும் நடமாடிய வீட்டில் வளர்ந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். முத்து உங்களை மதிக்கவில்லை என்ற எண்ணத்தை முதலில் ஒதுக்கிவைத்துவிடுங்கள். முற்றத்தில் கற்ற 'வா' அவனைப் பொறுத்தவரை முற்றத்துக்கு மட்டுமே உரியது. நாய் ஒரு சொல்லைத் தனியாகக் கற்பதில்லை. இடம், நேரம், நீங்கள் நிற்கும் விதம், கையிலிருக்கும் தட்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாகத்தான் மனத்தில் வாங்கிக்கொள்கிறது. சந்தேகமிருந்தால் நாளைக்கு அதே முற்றத்தில், அவனுக்கு முதுகைக் காட்டியபடியோ தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தபடியோ 'உட்கார்' என்று சொல்லிப் பாருங்கள். நன்றாகப் பழகிய நாய்கள்கூடப் பெரும்பாலும் விழிக்கும். அப்படியிருக்க, மயில் நிற்கும் காட்டோரத்தில் அந்தச் சொல் தானாக வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கு வழியே இல்லை.

உங்கள் மாமனார் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. கரிசல் காட்டில் முயலை விரட்டுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம் இது. ஆடு மேய்க்கும் நாய் மனிதனின் சீழ்க்கைக்குக் காத்திருக்கும். முயல் விரட்டும் நாய் காத்திருந்தால் முயல் போய்விடும். எனவே, கண்ணில் பட்ட நொடியில் தானாக முடிவெடுத்துப் பாய்கிற குட்டிகளைத்தான் அந்தக் காலத்தில் வைத்துக்கொண்டார்கள். உடலமைப்பும் அதற்குத் துணை நிற்கிறது: நீண்ட முகமுள்ள நாய்களின் விழித்திரையில் பார்வைக்குரிய நரம்பு உயிரணுக்கள் கிடைமட்டமான பட்டையாக நெருங்கி அமைந்திருக்கும் என்றும், பக் போன்ற தட்டை முக நாய்களில் அவை நடுவில் திரண்டிருக்கும் என்றும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அடிவானத்தை ஒட்டி எது அசைந்தாலும் அவன் கண் அதைப் பிடித்துவிடுவதில் வியப்பில்லை.

இனி வேலைக்கு வருவோம். நீங்கள் எழுதியதிலேயே மிகவும் பயனுள்ள செய்தி, மூக்கருகே நீட்டிய கோழியை அவன் விலக்கியது. அந்த இடத்தில் நின்று என்ன சொன்னாலும் பயனில்லை என்பதற்கு அதுவே அளவுகோல். கிளர்ச்சி ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் நாயால் தின்னவும் முடியாது, கற்கவும் முடியாது. ஆகவே முதல் வேலை, எந்தத் தொலைவில் அவன் மயிலையோ ஆட்டையோ பார்த்த பிறகும் தீனியை வாங்கித் தின்கிறான் என்பதைக் கண்டுபிடிப்பது. அது ஐம்பது மீட்டராக இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம். அந்த இடத்தில்தான் உங்கள் பள்ளிக்கூடம் தொடங்குகிறது.

மயிலை வைத்துத் தொடங்காதீர்கள். அது எங்கே எப்போது எழும் என்று உங்களுக்கே தெரியாது. ஆடுகள் நல்லவை, ஏனென்றால் அவை ஒரே நேரத்தில் ஒரே தடத்தில் வருகின்றன. ஆட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிட்டு, அவர் வரும் நேரத்துக்குச் சற்று முன்பே வெகுதொலைவில் போய் நின்றுகொள்ளுங்கள். இடுப்பில் ஒரு பை. அதில் பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கிய கோழி ஈரல். முத்து ஆட்டைப் பார்க்கிறான், காது நிமிர்கிறது. நீங்கள் வாய் திறக்க வேண்டாம், கயிற்றை இழுக்கவும் வேண்டாம். சரியான தொலைவில் நின்றிருந்தால் சில நொடிகளில் காது ஒன்று தளரும், பிறகு தலை கொஞ்சம் உங்கள் பக்கம் திரும்பும். திரும்பிய அந்தக் கணத்தில், முழுதாகத் திரும்பும் வரை காத்திராமல், 'சபாஷ்' என்று ஒரே ஒரு முறை சொல்லி, உடனே ஈரலைக் கொடுங்கள். அந்தச் சொல்லை வீட்டில் முன்கூட்டியே பழக்கியிருக்க வேண்டும்: 'சபாஷ்' என்றதும் ஒரு துண்டு, மறுபடி 'சபாஷ்', மறுபடி ஒரு துண்டு என்று, சொல்லைக் கேட்டாலே அவன் உங்கள் கையைத் தேடும் அளவுக்கு. கிளிக்கர் என்ற, அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவியை வைத்திருப்பவர்கள் அந்த ஓசையையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள், வேலை ஒன்றுதான்.

சில அமர்வுகளில் ஆட்டைக் கண்டதும் அவனாகவே உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்குவான். அதன் பிறகுதான் பெயர் சொல்லி அழைப்பது, அதன் பிறகு 'வா', பிறகு 'உட்கார்'. தொலைவைக் குறைக்கும்போது மற்றவற்றைக் கூட்டக் கூடாது. ஐம்பது மீட்டரில் அரை நிமிடம் உட்கார்ந்திருந்தவனிடம், முப்பது மீட்டரில் இரண்டு நொடி உட்கார்ந்தாலே போதும் என்று கேட்க வேண்டும். தொலைவு, நேரம், கவனத்தை இழுக்கும் பொருளின் வலு ஆகிய மூன்றில் ஒன்றைக் கடினமாக்கினால் மற்ற இரண்டையும் எளிதாக்கிக்கொள்வது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் கேள்வி கடினமாகிவிட்டது என்று பொருள். பத்தடி பின்னால் போய்விடுங்கள், கோபப்பட்டுப் பயனில்லை.

அடுத்து கூலி. ஈரலைவிட மயில்தான் பெரிது என்று அவன் நினைக்கும்போது, அந்த மயிலையே கூலியாக்கிவிடலாம். டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959இல் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். மிட்டாயைவிட விளையாட்டுப் பொறியை விரும்பிய குழந்தைகள், விளையாட விடுகிறேன் என்றால் கூடுதலாக மிட்டாய் தின்றார்கள். மிட்டாயை விரும்பியவர்கள், மிட்டாய் தருகிறேன் என்றால் கூடுதலாக விளையாடினார்கள். எதை அதிகம் விரும்புகிறோமோ அதுவே, குறைவாக விரும்புவதைச் செய்யவைக்கும் பரிசாகிறது என்பது அவர் கண்டது. இதை நாயிடம் நடைமுறைப்படுத்துவது எளிது. முத்து மயிலைப் பார்க்கிறான், நீங்கள் அழைக்கிறீர்கள், திரும்பி வந்தால் 'சபாஷ்', ஒரு துண்டு ஈரல், பிறகு 'பார்' என்று சொல்லி மறுபடி அந்த மயிலையே வேடிக்கை பார்க்க விடுகிறீர்கள். உங்களிடம் வந்தால் மயில் போய்விடும் என்ற அவனுடைய கணக்கு, உங்களிடம் வந்தால்தான் மயிலைப் பார்க்கக் கிடைக்கும் என்று மாறும். பார்ப்பதோடு நிறுத்த வேண்டும், விரட்ட விடக் கூடாது. ஒரு முறை விரட்டிச் சுவை கண்டால் ஈரலுக்கெல்லாம் மதிப்பிருக்காது.

கடைசியாக, அவன் வரமாட்டான் என்று தெரிந்த இடத்தில் 'வா' என்று சொல்லாதீர்கள். 'வா, வா, முத்து வா, வாடா' என்று காற்றில் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தச் சொல் அவனுக்கு வண்டிச் சத்தம் போல வெறும் பின்னணி ஓசையாகிவிடும்.


பதில்: மாந்தோப்பு

மேலே எழுதியவரை மறுக்கவில்லை; ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நான் தோப்புக் காவலுக்கு ராஜபாளையம் நாய்களை வளர்ப்பவன். காலையில் கட்டை அவிழ்த்த உடனே தெருவுக்குக் கொண்டுபோய்ப் பாடம் நடத்தினால் எந்த நாயும் கேட்காது. வேலி அடைத்த இடத்தில் முதலில் நன்றாக ஓட விடுங்கள். மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, கொஞ்சம் அடங்கிய பிறகு பாடத்துக்குக் கூட்டிப் போங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, தீனி தீனி என்று மட்டும் போய்க்கொண்டிருந்தால், பை காலியானதும் சொல்லும் காலியாகிவிடும். 'கூடாது' என்ற ஒன்றும் நாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். இறுக்குச் சங்கிலியைக் கை தெரிந்தவர்கள் போட்டால் ஒரு சுண்டலில் விட்டுவிடுவார்கள். நாள் முழுக்க இழுத்துக்கொண்டே போகும் நாயின் கழுத்து படும் பாட்டைவிட அது குறைவு என்பது என் அபிப்பிராயம். மின்சாரப் பட்டையை நான் ஆதரிக்கவில்லை.


பதில்: ஊசிமருந்து

கால்நடை மருத்துவம் என் தொழில் என்பதால், மாந்தோப்பு ஐயாவின் கடைசிக் கருத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஓட விட்டுப் பிறகு பழக்குவது மிக நல்ல யோசனை. ஆனால் சிப்பிப்பாறையின் கழுத்து நீண்டு மெலிந்தது. தோலுக்கடியில் கொழுப்பு அதிகமில்லை. மூச்சுக்குழலும் தைராய்டு சுரப்பியும் அங்கேதான் இருக்கின்றன. ஆளைத் தள்ளும் வேகத்தில் பாயும் நாய்க்கு இறுக்குச் சங்கிலி போடுவதை எந்த நிலையிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரணப் பட்டையும் இந்த இனத்துக்கு முழுப் பாதுகாப்பல்ல. தலை கழுத்தைவிடக் குறுகியிருப்பதால், பின்வாங்கி ஒரு உதறு உதறினால் கழன்றுவிடும். இழுக்கும்போது ஓரளவுக்கு மட்டும் இறுகி அதற்குமேல் இறுகாத அகலமான மார்டிங்கேல் பட்டை கிடைக்கிறது. நீளக் கயிற்றில் பழக்கும்போது அதுவும் வேண்டாம். மார்பில் மாட்டும் கச்சையில்தான் கயிற்றைக் கோக்க வேண்டும்.

மின்னதிர்ச்சிப் பட்டையைப் பற்றி நேரடியாக இந்தச் சிக்கலையே ஆராய்ந்த ஒரு சோதனை இருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்டது அது. கயிறு இல்லாதபோது கூப்பிட்டால் வராத நாய்கள், கால்நடைகளை விரட்டும் நாய்கள் என 63 நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, மின்பட்டையோடும், அதே பயிற்சியாளர்களைக் கொண்டு மின்பட்டை இல்லாமலும், பரிசை மையமாகக் கொண்டும் பழக்கினார்கள். பரிசுமுறையில் பழகிய நாய்கள் மற்ற இரண்டு குழுக்களுக்கும் குறைந்துவிடவில்லை. முதல் அழைப்புக்கே பணிவதில் அவையே மேலாக இருந்தன. மின்பட்டையால் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. வேல்ஸ் நாட்டில் 2010 முதலே இந்தப் பட்டைக்குத் தடை இருக்கிறது. நான் அஞ்சுவது இன்னொன்றுக்கு: தெருநாயைப் பார்த்த கணத்தில் கழுத்தில் வலி வந்தால், வலிக்குக் காரணம் அந்தத் தெருநாய்தான் என்று முத்து முடிவுகட்டிவிடலாம். வேடிக்கை பார்த்தவன் கடிக்கப் பாய்பவனாக மாறுவது இப்படித்தான்.

வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ப்பவரின் சொல்லுக்கு நாய்கள் பணிவதைக் குட்டிப் பருவத்திலும் எட்டு மாத வயதிலும் ஒப்பிட்டு, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எட்டு மாத நாய்கள் தம்மை வளர்ப்பவரின் 'உட்கார்' என்ற சொல்லுக்குத் தாமதமாகப் பணிந்தன, அதே நாய்கள் அந்நியரின் சொல்லுக்கு அப்படித் தயங்கவில்லை. நம் வீட்டு விடலைகளை நினைத்துக்கொண்டு சிரித்தேன். பருவம் கடந்ததும் அந்தப் போக்கு மாறியதையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முத்து அந்தப் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறான், பொறுமை காட்டலாம்.

தீனியைப் பற்றி ஒரு சொல். நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பயிற்சித் தீனி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; கூடுதலாகக் கொடுத்த நாளில் சோற்றைக் குறைத்துவிடலாம். வேகவைத்த கோழி ஈரல் நல்லது, ஆனால் நாள்தோறும் அதையே அள்ளிக் கொடுத்தால் உயிர்ச்சத்து ஏ அளவுக்கு மீறிச் சேரும். கோழி மார்புத் துண்டு, முட்டை, பனீர் என்று மாற்றிக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் சேர்த்த குழம்புத் துண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வெயில் ஏறிய பின் தார்ச் சாலையில் பழக்க வேண்டாம். உங்கள் புறங்கையைச் சில நொடி சாலையில் வைத்துப் பாருங்கள், தாங்க முடியாவிட்டால் அவன் பாதத்துக்கும் அது சூடுதான்.

இன்னொன்றும் உண்டு. மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. பிடிப்பதும் கொல்வதும் மட்டுமல்லாமல், நாயை ஏவி விரட்டுவதும் அந்தச் சட்டத்தின் பார்வையில் வேட்டையாகும். முயலுக்கும் பாதுகாப்பு உண்டு. அவன் கையை மீறி ஓடி ஒரு மயிலைக் கவ்விவிட்டால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்பதால், பயிற்சி முதிரும் வரை கயிற்றைக் கழற்றும் எண்ணமே வேண்டாம்.


கேள்வியாளர்: வடவள்ளிக்காரி

மூவருக்கும் நன்றி. ஆட்டுக்காரரிடம் பேசிவிட்டேன், அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். தொலைவை வைத்துப் பழக்கும் முறை நன்றாகப் புரிகிறது. ஆனால் தெருநாய்கள் விஷயத்தில் அது எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை. ஆடு அதன் பாட்டில் போய்விடுகிறது. தெருநாய்களோ எங்களைக் கண்டதும் எழுந்து குரைத்துக்கொண்டு அருகிலேயே வந்துவிடுகின்றன. தொலைவு என் கையில் இல்லாதபோது என்ன செய்வது? மேலும், எங்கள் வீட்டில் நான் 'வா' என்கிறேன், கணவர் 'கம்' என்கிறார், அத்தை 'இங்க வாடா கண்ணு' என்கிறார். இதுவும் ஒரு காரணமாக இருக்குமோ? எல்லாரும் கத்திக் கத்தி 'வா' என்ற சொல் ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தால் அதை மீட்க வழியுண்டா?


பதில்: மூன்றாவது மாடி

சென்னையில் அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாயோடு நாள்தோறும் ஐந்தாறு தெருநாய்க் கூட்டங்களைக் கடந்து நடப்பவள் என்பதால், இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுவதுதான் பொருத்தம்.

தெருநாய்களுக்கு ஒவ்வொரு தெரு முக்கும் ஒரு நாடு. எல்லை எங்கே தொடங்குகிறது, எந்த நேரத்தில் அவை எங்கே படுக்கின்றன என்பதை முத்து இல்லாமல் நீங்கள் மட்டும் இரண்டு மூன்று நாள் நடந்து பார்த்து வையுங்கள். அதிகாலையிலும் இரவு கடை அடைத்த பிறகும் அவை விறுவிறுப்பாக இருக்கும். காலை பத்து மணி வாக்கில் நிழலில் சுருண்டு தூங்கும். வெயில் கொடுமையில்லாத மாதங்களில் நான் அந்த நேரத்தைத்தான் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வேன். தூங்குகிற நாயும் கவனத்தை இழுக்கும் பொருள்தான், ஆனால் வலு குறைந்தது; தொடக்கத்துக்கு அது போதும்.

எழுந்து வருகிற நாய்க்கு ஒரே மருந்து, திரும்பிப் போவது. இதை நெருக்கடி வந்த பிறகு கற்பிக்க முடியாது. வீட்டு முற்றத்திலேயே நடந்துகொண்டிருக்கும்போது திடீரென 'திரும்பு' என்று உற்சாகமான குரலில் சொல்லிவிட்டு நீங்கள் வந்த வழியே வேகமாக நடங்கள். அவன் உங்களை எட்டிப் பிடித்ததும் நடந்துகொண்டே இரண்டு மூன்று துண்டு கொடுங்கள். இது அவனுக்கு விளையாட்டாகிவிட வேண்டும். பிறகு காலியான தெருவில், பிறகு தூரத்தில் நாய் தெரியும் தெருவில். தெருநாய் எழுந்து நிற்கும்போதே 'திரும்பு' சொல்லிவிட வேண்டும். அது குரைத்துக்கொண்டு ஓடிவரத் தொடங்கிய பிறகு சொன்னால் தாமதம். வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டால் கையிலிருக்கும் தீனியை ஒரு பிடி அள்ளி, உங்களுக்கும் வருகிற நாய்க்கும் நடுவே, அதன் பக்கமாக வீசிவிட்டு விலகிவிடுங்கள். பெரும்பாலான தெருநாய்கள் பொறுக்கத் தொடங்கிவிடும். கல்லை ஓங்குவது அந்த நேரத்துக்கு உதவினாலும், அடுத்த நாளிலிருந்து உங்கள் இருவரையும் பகையாளியாகவே அது நினைவு வைத்துக்கொள்ளும். என் தெருவில் இரண்டு கூட்டத்தின் தலைவர்களோடு பிஸ்கட் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டேன், என் நாய் உடன் இல்லாத நேரமாகப் பார்த்து.

காது நுனி வெட்டப்பட்ட தெருநாய்கள் கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடப்பட்டவை என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனாலும் அந்த ஊசி பல ஆண்டுகளுக்கு முன் போட்டதாக இருக்கலாம். முத்துவுக்கு ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசியை அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கே ஒரு கீறல் பட்டாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சொல் விஷயம். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும் என்று குறிப்புச்சீட்டு ஒட்டுவது எளிது, அத்தையைக் கடைப்பிடிக்க வைப்பது கடினம். ஆகவே பழைய சொற்களை வீட்டுக்குள் கொஞ்சலுக்கு விட்டுவிட்டு, வெளியே அழைப்பதற்கென்று யாரும் தொடாத புதிய குறி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நான் விளையாட்டு ஆசிரியர் ஊதுவதைப் போன்ற விசிலை வைத்திருக்கிறேன். விசிலுக்குக் கோபம் தெரியாது, பதற்றம் தெரியாது, யார் ஊதினாலும் ஒரே ஓசை. முதல் சில வாரம், அவன் ஏற்கெனவே உங்களை நோக்கி ஓடிவரும்போது மட்டும் ஊதி, அவனுக்கு மிகவும் பிடித்த தீனியைக் கைநிறையக் கொடுங்கள். குளிப்பாட்டவோ கட்டிவைக்கவோ நகம் வெட்டவோ கூப்பிட வேண்டியிருந்தால் அந்த விசிலைத் தொடாதீர்கள், நேரில் போய் அழைத்து வாருங்கள். விசிலுக்கு வந்தால் ஒவ்வொரு முறையும் நல்லதே நடக்கும் என்பதில் ஒரு நாளும் மாற்றம் வரக் கூடாது.

மாந்தோப்பு ஐயா கேட்ட 'பை காலியானால்' என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 'உட்கார்', 'படு' போன்றவை உறுதியான பிறகு, எப்போது கிடைக்கும் என்று அவனால் கணிக்க முடியாதபடி இடையிடையே மட்டும் தீனி கொடுத்தால் பழக்கம் இன்னும் உறுதிப்படும். அழைப்புக்கு மட்டும் நான் வாழ்நாள் முழுக்கக் கூலி கொடுப்பேன். ஓடுகிற நாயைச் சாலையின் இந்தப் பக்கமே நிறுத்துவது அந்த ஒன்றுதான்.


பதில்: கரிசல்மண்

கயிறு இல்லாமல் விடுவதைப் பற்றிய கேள்வி பாக்கியிருக்கிறது. என் முடிவை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: உங்கள் வீட்டைச் சுற்றி மயிலும் ஆடும் சாலையும் இருக்கும் வரை, திறந்த காட்டில் முத்துவைக் கயிறில்லாமல் விட வேண்டாம், பயிற்சி எவ்வளவு நன்றாக அமைந்தாலும். சொல் கேட்கும் சிப்பிப்பாறைகள் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் காலடியிலிருந்து முயல் எழும் அந்த ஒரு நொடியில் நூற்றுக்கு நூறு திரும்பும் என்று எந்தச் சிப்பிப்பாறைக்கும் நான் பிணை நிற்க மாட்டேன். சுற்றிலும் ஆளுயரச் சுவரோ வேலியோ உள்ள தோப்பு யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கி, அங்கே ஆசை தீர ஓட விடுங்கள். ஓட்டம் அவனுக்குத் தேவை. அது கிடைக்காத நாய்க்குத் தெருவில் எந்தப் பாடமும் ஏறாது என்று மாந்தோப்பு சொன்னது சரி.

திறந்த இடத்தில் பழக்க நீளக் கயிறு போதும். பத்து மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். இந்த இனம் அந்தத் தூரத்திலேயே நல்ல வேகம் பிடித்துவிடும், கயிறு முடியும் இடத்தில் விழும் சுண்டல் உங்கள் இருவருக்கும் ஆபத்து. ஆகவே கயிறு முழுதும் விரியும் வரை ஓட விடாமல், பாதியிலேயே நீங்களும் அவனோடு நகர்ந்து, வேகத்தைச் சிறிது சிறிதாகத் தணிக்கப் பழகிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் தானே சுருளும் கயிறு இதற்கு உதவாது, எப்போதும் ஓர் இழுப்பு இருந்துகொண்டே இருப்பதால் இழுத்தால் தூரம் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். மாட்டுக்குப் பயன்படுத்தும் மெல்லிய நைலான் கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும். பையின் தோள்வாருக்குப் பயன்படுத்தும் தட்டையான நாடாவைப் பத்து மீட்டர் வாங்கி, பை தைப்பவரிடம் கொடுத்து ஒரு முனையில் பித்தளைக் கொக்கி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டு வைத்தால் காலால் மிதித்து நிறுத்தும்போது வழுக்காது. எக்காரணம் கொண்டும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரலில் மோதிரம் இருந்தால் அன்றைக்குக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.